குண்டெழுத்து, குறும்பெழுத்து: தமிழ்த் தலைப்பு எழுத்துருக்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிறந்தநாள் அழைப்பிதழ், யூடியூப் முகப்புப் படம், முறுக்குப் பாக்கெட், பள்ளி ஆண்டுவிழா பேனர் என்று எங்கும் கையால் வரைந்தது போன்ற உருண்டு திரண்ட எழுத்துகளைப் பார்க்கிறோம். அவற்றைப் பயன்படுத்துகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறோம். எடுத்துக்காட்டுக்குப் பெரும்பாலும் ‘பாலூ தம்பி 2’ எழுத்துருதான் வரும். இலவசமாகக் கிடைப்பது என்பதால் படிக்கும்போதே தட்டிப் பார்க்கலாம்.

டிஸ்ப்ளே ஃபான்ட்னு தனியா சொல்றாங்களே, சாதாரண ஃபான்டுக்கும் அதுக்கும் என்ன வித்தியாசம்?

சாதாரண எழுத்துரு படிப்பதற்கு, தலைப்பு எழுத்துரு பார்ப்பதற்கு. பத்தி எழுத்துரு கண்ணில் உறுத்தாமல் பின்னால் நிற்க வேண்டும். தலைப்பு எழுத்துருவோ சாலையில் போகிறவரைத் திரும்பிப் பார்க்க வைக்க வேண்டும். அதனால் கோடு தடிமனாக இருக்கும், முனைகள் உருண்டிருக்கும், எழுத்துகளுக்கு இடையே இடைவெளி குறைவாக இருக்கும்.

மூன்று முதல் ஆறு சொற்கள் வரை இது அழகு. பத்து சொற்களைத் தாண்டினால் எல்லாரும் ஒரே நேரத்தில் கத்துவது போலாகிவிடும்.

தமிழ்ல இந்த மாதிரி நல்லதா, காசு கொடுக்காம என்னென்ன கிடைக்குது?

கூகுள் ஃபான்ட்ஸில் மூன்றைப் பார்த்தால் போதும். முதலாவது பாலூ தம்பி 2. மும்பையைச் சேர்ந்த ஏக் டைப் குழு இந்திய மொழிகளுக்காகச் செய்த பாலூ குடும்பத்தின் தமிழ் உறுப்பினர். ‘பாலூ’ என்றால் இந்தியில் கரடி. மலையாளத்துக்குச் சேட்டன், தெலுங்குக்குத் தம்முடு, பஞ்சாபிக்குப் பாஜி என்று பெயர் வைத்தவர்கள் நமக்குத் தம்பியைக் கொடுத்திருக்கிறார்கள். முதலில் வந்த பாலூ தம்பியில் ஒரே தடிமன்தான் இருந்தது. இரண்டாம் பதிப்பில் 400 முதல் 800 வரை ஐந்து தடிமன்கள் உண்டு; எண் கூடக் கூடக் கோடு தடிக்கும்.

இரண்டாவது காய்னி. பிரேசில் நாட்டு வடிவமைப்பாளர் மார்செலோ மகல்யாயிஸ் செய்தது. ஒரே தடிமன்; தம்பியைவிடக் குறும்பு அதிகம். மூன்றாவது காவிவனார். இலங்கையைச் சேர்ந்த தாரிக் அஸீஸ் செய்தது. பேனாவால் சாய்த்து எழுதிய கையெழுத்தின் சாயல் கொண்டது. இதில் குண்டு இல்லை, ஆனால் கையின் ஓட்டம் இருக்கிறது. உரக்கச் சொல்ல வேண்டியதற்கு முதல் இரண்டு, காதோடு சொல்ல வேண்டியதற்குக் காவிவனார்.

டவுன்லோட் பண்ணா ஜிப்புக்குள்ள ஒரு ஃபைலும் தனியா ஒரு ஃபோல்டரும் இருக்கு. எதை இன்ஸ்டால் பண்ணணும்?

வெளியே இருக்கும் ஒற்றைக் கோப்பு ‘வேரியபிள்’ எழுத்துரு. ஐந்து தடிமன்களும் அதற்குள்ளேயே அடக்கம். நடுவே 650 போன்ற தடிமனையும் கேட்டு வாங்கலாம். ‘ஸ்டாட்டிக்’ என்ற கோப்புறையில் ஒவ்வொரு தடிமனும் தனித்தனிக் கோப்பாக இருக்கும்.

புதிய ஃபோட்டோஷாப், இல்லஸ்ட்ரேட்டர் வைத்திருப்பவர்கள் வேரியபிள் கோப்பைப் போடலாம். பழைய மென்பொருள், வேர்ட், கைப்பேசிச் செயலிகள் என்றால் ஸ்டாட்டிக் கோப்புகளே பாதுகாப்பு. இரண்டையும் சேர்த்துப் போட வேண்டாம். பட்டியலில் ஒரே பெயர் இரண்டு முறை வந்து, நீங்கள் தேர்ந்தது ஒன்று, அச்சாவது வேறொன்று என்றாகும். நிறுவியபின் மென்பொருளை ஒருமுறை மூடித் திறங்கள்.

இங்கிலீஷ்ல சூப்பரா ஒரு குண்டு ஃபான்ட் இருக்கு. அதைத் தேர்வு பண்ணித் தமிழ் அடிச்சா ஏன் மாறவே மாட்டேங்குது?

அந்த எழுத்துருவுக்குள் தமிழ் எழுத்துகளே இல்லை. இல்லாத எழுத்தைக் கணினி வேறு எழுத்துருவிலிருந்து கடன் வாங்கிக் காட்டும். விண்டோஸ் என்றால் பெரும்பாலும் நிர்மலா, பழைய கணினிகளில் லதா. திரையில் தெரிவது நீங்கள் தேர்ந்த எழுத்துரு அல்ல.

தமிழ் இருக்கிறதா என்று அறிய, எழுத்துருவின் பக்கத்தில் மாதிரி உரைப் பெட்டியில் ‘ஞாயிறு’ என்று தட்டிப் பாருங்கள். வடிவம் மாறவில்லை என்றால் தமிழ் இல்லை.

வாட்ஸ்அப்ல “500 தமிழ் ஃபான்ட்”னு ஒரு ஜிப் வந்துச்சு. அதுல அடிச்சா ஆங்கிலக் குப்பையா வருதே?

அவற்றில் பெரும்பாலானவை யூனிகோடுக்கு (இன்று எல்லாக் கருவிகளும் பயன்படுத்தும் பொதுவான எழுத்துக் குறியீட்டுக்கு) முந்தைய முறையில் செய்தவை. பாமினி, டேப், டாம், டிஸ்கி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு குறியீட்டு முறை. ஆங்கில எழுத்துகளின் இருக்கையிலோ வேறு குறிகளின் இருக்கையிலோ தமிழ் வடிவத்தை உட்கார வைத்திருப்பார்கள். கைப்பேசியில் தட்டிய யூனிகோடு உரை அதில் பொருந்தாது. என்.எச்.எம். கன்வெர்ட்டர் போன்ற மாற்றியில் போட்டு அந்தக் குறிமுறைக்கு மாற்றி ஒட்டினால் வேலை செய்யும்.

ஆனால் அச்சுக்கு மட்டும்தான் இந்த வழி. இணையப் பக்கத்திலோ செயலியிலோ போட்டால் தேடுபொறிக்கு அது தமிழே அல்ல. அந்த ஜிப்புகளில் இருப்பவற்றின் உரிமம் என்ன என்பதற்கும் எந்தத் துப்பும் இருக்காது. வியாபாரத்துக்கு என்றால் தொடாமல் இருப்பது நல்லது.

ஃபோட்டோஷாப்புல “கொ” அடிச்சா கொம்பு தனியா, கால் தனியா, நடுவுல புள்ளி வட்டம் வேற வருது. ஃபான்ட் கெட்டுப்போச்சா?

எழுத்துருவின் மேல் குற்றமில்லை. யூனிகோடில் ‘கொ’ என்பது க, அதன்பின் ஒகரக் குறி என்று இரண்டு துண்டாகத்தான் சேமிக்கப்படுகிறது. கொம்பை க-வுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்துவது மென்பொருளின் வேலை. அது தூங்கினால் நீங்கள் சொன்ன கோலம்தான்.

ஃபோட்டோஷாப் 2022-க்கு முந்தைய பதிப்புகளில் பிரிஃபரன்சஸ், டைப் பகுதிக்குப் போய் ‘வேர்ல்டு ரெடி லேஅவுட்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். இன்னும் பழைய பதிப்புகளில் அதே இடத்தில் ‘மிடில் ஈஸ்டர்ன் அண்ட் சவுத் ஏசியன்’ என்றிருக்கும். இன்டிசைனில் பாராகிராஃப் பலகத்தின் பட்டியலில் ‘வேர்ல்டு ரெடி பாராகிராஃப் கம்போசர்’. இல்லஸ்ட்ரேட்டரில் முதலில் டைப் விருப்பங்களில் ‘ஷோ இண்டிக் ஆப்ஷன்ஸ்’ என்பதை இயக்க வேண்டும். ஏற்கெனவே அடித்த வரி பல சமயம் தானாகத் திருந்தாது. அதே அமைப்பை அந்த வரிக்கும் கொடுங்கள், அல்லது புதிய பெட்டியில் மறுபடி ஒட்டுங்கள். இலவச வரைபட மென்பொருளான இங்க்ஸ்கேப்பில் இந்தத் தொல்லை இல்லை.

இன்னும் குண்டா வேணும்னு பி பட்டனை அழுத்தினேன். எழுத்தெல்லாம் சப்பிப் போச்சு. ஏன்?

எழுத்துருவில் அடுத்த தடிமன் இருந்தால் பி பொத்தான் அதற்குத் தாவும். காய்னி போல ஒரே தடிமன் உள்ளதில் தாவ இடமில்லை. உடனே மென்பொருள் இருக்கிற கோட்டையே சுற்றி ஊதிப் பெரிதாக்கும். வெளியே ஊதினால் பரவாயில்லை, உள்ளேயும் ஊதும். ண, ஞ போன்றவற்றின் சுழிகள் அடைபடும்.

இணையத்தில் இது சத்தமில்லாமல் நடக்கும். பக்கத்தின் தலைப்புக் குறிக்கு (h1, h2 போன்றவை) உலாவி தானாகவே தடிமன் 700 கொடுக்கும், நீங்கள் எதையும் அழுத்தியிருக்க மாட்டீர்கள். ஒரே தடிமன் எழுத்துரு என்றால் தலைப்புக்கும் 400 என்று எழுதிவையுங்கள். பாலூ தம்பி 2 என்றால் 800 கோப்பையே நேரடியாகத் தேர்ந்தெடுங்கள்.

ஒரு ஃபான்ட் தேறுமா தேறாதான்னு சீக்கிரமா எப்படிப் பார்க்கறது?

‘அம்மா’, ‘தமிழ்’ என்று அடித்துப் பார்த்து ஏமாறாதீர்கள், அவை எதிலும் அழகாகத்தான் இருக்கும். இந்த வரிசையை அடியுங்கள்: ஞ ண ணு ணூ றூ ஜூ ஷ க்ஷ ஸ்ரீ கெ கே ழ மு ர ா டி டீ சௌ. குண்டெழுத்துக்குத் தமிழில் உள்ள சிக்கலே இடம்தான். ஆங்கிலத்தின் குண்டு ‘ஓ’வில் ஒரே ஓட்டை. நம் ண-வில் சுழி, சுழிக்குப் பக்கத்தில் இன்னொரு சுழி, பிறகு வளைவு, பிறகு கால். கோடு தடிக்கத் தடிக்க ஓட்டைகள் சாகும். நல்ல வடிவமைப்பாளர் ண, ஞ இரண்டையும் மற்ற எழுத்தைவிட அகலமாக்கி, உள்கோடுகளை மட்டும் மெலிய விட்டிருப்பார். அதைச் செய்யாத எழுத்துருவில் அவை கறுப்புக் கட்டியாகத் தெரியும்.

அடுத்தது குழப்ப ஜோடிகள். ஏகாரக் கொம்பின் மேல்சுழி அடைபட்டால் எகரக் கொம்புக்கும் அதற்கும் வித்தியாசம் போய்விடும். இட்லிப் பொடிப் பாக்கெட்டில் ‘போடி’ என்று படித்தால் வாங்க வந்தவர் கோபித்துக்கொள்வார். ர-வின் கீழ்முனை சின்னதாக இருந்தால் ‘மரம்’ ‘மாம்’ ஆகும். ழ-வின் வால் மேலே சுருண்டால் ‘பழம்’ ‘பமும்’ ஆகும். இந்த மூன்றையும் அடித்து, திரையில் கட்டைவிரல் அகலத்துக்குச் சுருக்கி, அந்தச் சொல்லை முன்னமே பார்க்காத ஒருவரிடம் காட்டிப் படிக்கச் சொல்லுங்கள். உங்கள் கண்ணை நம்பாதீர்கள். அதற்கு விடை தெரியும்.

கடைசியாக ₹ குறி, எண்கள், கேள்விக்குறி, ஆச்சரியக்குறி. விலைப்பட்டியல் போடும்போதுதான் ₹ வேறு எழுத்துருவில் ஒல்லியாக நிற்பது தெரியவரும்.

எவ்வளவு சைஸ் வைக்கணும்?

அழைப்பிதழில் 800 தடிமன் என்றால் 20 புள்ளி (பாயின்ட்) அளவுக்குக் கீழே போக வேண்டாம். 500 அல்லது 600 தடிமனில் 14 வரை இறங்கலாம். அதற்கும் கீழே வேண்டுமென்றால் உங்களுக்குத் தேவை வேறு எழுத்துரு.

பேனருக்கு எழுத்துப்பலகைக்காரர்கள் சொல்லும் கணக்கு, பத்தடி தூரத்துக்கு ஓர் அங்குல உயரம். அது ஆங்கிலப் பெரிய எழுத்துக்குச் சரி. மேலே சொன்ன சுழிகள் காரணமாகத் தமிழுக்கு ஒன்றரை அங்குலம் வையுங்கள். சாலைக்கு எதிர்ப்புறம் 40 அடியிலிருந்து படிக்க வேண்டுமென்றால் ‘க’ ஆறு அங்குலம். யூடியூப் முகப்புப் படத்துக்கு 1280-க்கு 720 படத்தில் ‘க’ குறைந்தது 120 பிக்சல். மூன்று நான்கு சொற்களுக்கு மேல் தாங்காது. வலது கீழ் மூலையை விட்டுவிடுங்கள், அங்கே நேரக் குறிப்பு வந்து உட்காரும்.

எழுத்தைச் சுத்தி பார்டர் போட்டா உள்ள கோடுகோடா தெரியுது, எழுத்தும் ஒல்லியாயிடுது.

இரண்டும் தனித்தனி நோய். ஒல்லியாவதற்குக் காரணம், கரையை எழுத்தின் விளிம்பில் நடுவாகப் போடுவது. பாதி வெளியே, பாதி உள்ளே போய்த் தடிமனைத் தின்றுவிடும். கரையை ‘அவுட்சைடு’ என்று மாற்றுங்கள். அந்த வசதி இல்லையென்றால் அதே சொல்லை நகலெடுத்துப் பின்னால் வைத்து, பின்னால் இருப்பதற்கு மட்டும் கரை கொடுங்கள்.

உள்ளே கோடு தெரிவது வேரியபிள் கோப்பில் அதிகம் நடக்கும். அதில் ஓர் எழுத்தின் பாகங்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து கிடக்கும். நிறம் ஒன்றாக இருக்கும்வரை தெரியாது, கரை போட்டதும் காட்டிக்கொடுத்துவிடும். ஸ்டாட்டிக் கோப்புக்கு மாறிப் பாருங்கள். போகவில்லையென்றால் எழுத்தை வளைகோடாக (தட்டச்சு உரையாக இல்லாமல் வெறும் வரைவடிவமாக) மாற்றி, பாகங்களை ‘யுனைட்’ கொடுத்து ஒன்றாக்கிவிடுங்கள்.

ரெண்டு வரி வச்சா மேல இருக்கிற ஊகாரமும் கீழ இருக்கிற ஈகாரமும் இடிக்குது.

ஆங்கிலத் தலைப்புக்குப் போடும் வரி இடைவெளியைத் தமிழுக்குப் போட்டால் இடிக்கத்தான் செய்யும். எழுத்தளவைப் போல் 1.3 மடங்கில் தொடங்கி, இடிக்கும் ஜோடியைப் பார்த்துக் கூட்டுங்கள். இணையத்தில் 1.4-க்குக் குறைக்க வேண்டாம், தலைப்பை யார் எப்போது மாற்றுவார்கள் என்று தெரியாது.

நிலையான படம் என்றால் இன்னொரு வழியும் இருக்கிறது. சொற்களை இடம் மாற்றி உடைத்துப் பாருங்கள். மேல்வரியில் கூ, பூ, மு இல்லாத இடத்தில் முறித்தால் வரிகளை நெருக்கி வைக்கலாம். குண்டெழுத்துக்கு நெருக்கம்தான் அழகு, அதற்காக இந்த உழைப்பு தகும்.

இதோட கூட வேற எந்த ஃபான்ட் சேரும்? பக்கத்துல இங்கிலீஷும் வருது.

பேசுகிறவர் ஒருவர் போதும். தலைப்பு குறும்பு என்றால் மற்றதெல்லாம் சாந்தமாக இருக்கட்டும்: முக்தா மலர், கட்டமரன், ஹிந்த் மதுரை, நோட்டோ சான்ஸ் தமிழ் இவற்றில் ஏதாவது ஒன்று. முக்தா மலரும் ஏக் டைப் செய்ததுதான், தம்பியோடு சண்டை போடாது. இரண்டு விளையாட்டு எழுத்துருக்களை ஒரே அட்டையில் போடுவதுதான் பெரும்பாலான திருவிழா நோட்டீஸ்களின் வியாதி.

ஆங்கிலத்துக்குத் தம்பியிலேயே எழுத்துகள் உண்டு, அதையே போடுங்கள். வேறு ஆங்கில எழுத்துருதான் வேண்டுமென்றால், எண்ணளவில் சமமாக வைக்காமல் கண்ணளவில் சமமாக்குங்கள். ஆங்கிலப் பெரிய எழுத்துகளைப் பத்து சதவீதம் சுருக்கிப் பார்த்தாலே பல இடங்களில் சரியாகிவிடும்.

ஃப்ளெக்ஸ் கடையில கொடுத்தா வேற எழுத்தா மாறி வந்துச்சே?

கடைக்காரர் கணினியில் அந்த எழுத்துரு இல்லை. அதுவும் கடன் வாங்கிய கதைதான், மேலே ஆங்கில எழுத்துரு பற்றிய பதிலைப் பாருங்கள். அனுப்பும் முன் எல்லா எழுத்தையும் வளைகோடாக மாற்றுங்கள். இல்லஸ்ட்ரேட்டரில் ‘கிரியேட் அவுட்லைன்ஸ்’, கோரல்டிராவில் ‘கன்வெர்ட் டு கர்வ்ஸ்’. மாற்றாத மூலக்கோப்பு ஒன்றைத் தனியே வையுங்கள், தேதி தவறு என்று கடைசி நேரத்தில் தெரியவரும்போது அதுதான் காப்பாற்றும்.

ஸ்டிக்கர் கட்டிங், அக்ரிலிக் நேம் போர்டுக்கு இது ஒத்துவருமா?

கோடு தடிமனாக இருப்பதால் மற்றதைவிட நன்றாகவே ஒத்துவரும். தொல்லை கொடுப்பவை புள்ளியும் சுழியும். மெய்யெழுத்தின் புள்ளி தனித் துண்டு. மூன்று நான்கு மில்லிமீட்டருக்குக் கீழே போனால் வினைல் உரிக்கும்போது கூடவே வந்துவிடும். அக்ரிலிக்கில் ஒவ்வொரு புள்ளியையும் தனியே ஒட்ட வேண்டும், அதனால் பின்பலகை இல்லாமல் எழுத்தை மட்டும் சுவரில் பதிப்பதானால் இடம் காட்டும் காகித அச்சு ஒன்றைக் கேட்டு வாங்குங்கள்.

ஸ்டென்சில் என்றால் கதை தலைகீழ். க, ச, த, ம, வ, ண எல்லாவற்றிலும் மூடிய ஓட்டை உண்டு, வெட்டியதும் நடுத்துண்டு விழுந்துவிடும். ஒவ்வொன்றுக்கும் இரண்டு மில்லிமீட்டராவது பாலம் விட வேண்டும்.

லோகோவுக்குப் போடலாமா? நாளைக்கு யாராவது காசு கேட்பாங்களா?

முன்பு சொன்ன மூன்றும் ஓப்பன் ஃபான்ட் லைசென்ஸ் 1.1-இன் கீழ் வெளியானவை. சின்னம், பாக்கெட், பனியன், புத்தக அட்டை, செயலி எதற்கும் பயன்படுத்தி விற்கலாம். அட்டையில் நன்றி போட வேண்டிய கட்டாயமும் இல்லை. எழுத்துருக் கோப்பை மட்டும் தனியாக விற்கக் கூடாது. மாற்றி வெளியிட்டால் அதே உரிமத்தில்தான் வெளியிட வேண்டும், காப்புப் பெயர் (செய்தவர் தமக்கென்று ஒதுக்கிவைத்த பெயர்) அறிவிக்கப்பட்டிருந்தால் அந்தப் பெயரை வைக்கக் கூடாது.

‘சொந்தப் பயன்பாட்டுக்கு இலவசம்’ என்று போட்ட எழுத்துரு வேறு ரகம். கடைப் பலகை சொந்தப் பயன்பாடு அல்ல.

என்ன பண்ணாலும் கையால வரைஞ்ச மாதிரி இல்ல, டைப் அடிச்ச மாதிரியே இருக்கு.

‘பக்கத்து பப்பாளி’யில் ‘ப’ நான்கு முறை வருகிறது, நான்கும் அச்சடித்தாற்போல் ஒன்று. கை அப்படி எழுதாது, அதைக் கண் கண்டுபிடித்துவிடும். வளைகோடாக மாற்றிய பிறகு ஒன்றை இரண்டு பாகை சாய்த்து, இன்னொன்றை நான்கு சதவீதம் பெரிதாக்கி, மூன்றாவதை அடிக்கோட்டிலிருந்து சற்றே இறக்குங்கள். கால், கொம்பு, புள்ளி ஆகியவை தம் எழுத்தோடு சேர்ந்தே நகர வேண்டும், குழுவாகக் கட்டிக்கொண்டு நகர்த்துங்கள். எல்லா எழுத்தையும் ஆட்டினால் வரைந்தது போலிருக்காது, நில அதிர்ச்சி போலிருக்கும். ஐந்துக்கு இரண்டு போதும்.

பழைய கடைப் பலகையில இருக்கிற யானைத் தும்பிக்கை “லை” வருமா?

1978-இல் தமிழ்நாட்டில் எழுத்துச் சீர்திருத்தம் வந்தபோது ணா, றா, னா, ணை, லை, ளை, னை, ணொ, ணோ, றொ, றோ, னொ, னோ ஆகிய 13 எழுத்துகளின் வடிவம் மாறியது. யூனிகோடில் பழைய வடிவங்களுக்குத் தனி இருக்கை இல்லை. எழுத்துருவைச் செய்தவர் மாற்று வடிவமாக உள்ளே வைத்திருந்தால், எழுத்துருவின் கூடுதல் வசதிகளைக் காட்டும் ஓப்பன்டைப் பலகத்தில் ‘ஸ்டைலிஸ்டிக் செட்’ என்பதில் கிடைக்கும். இல்லையென்றால் வளைகோடாக்கி நீங்களே தும்பிக்கையை வரைய வேண்டியதுதான். பழைய காலத் தோற்றம் வேண்டுமென்றால் 13-ஐயும் மாற்றுங்கள். தும்பிக்கை லை-க்குப் பக்கத்தில் புதிய ‘னா’ நின்றால் இரண்டு காலமும் கெட்டுவிடும்.

நானே வரைஞ்சு ஒரு ஃபான்ட் பண்ண முடியுமா? 247 எழுத்தும் வரையணுமா?

வேண்டாம். உயிர் 12, ஆய்தம் 1, அகர வரிசை 18, உகர ஊகார வரிசை 36, டி டீ 2, கால் சுழி கொம்பு முதலிய குறிகள் 7, புள்ளி 1, ஜ ஷ ஸ ஹ 4, க்ஷ ஸ்ரீ 2, அவற்றோடு சேர உகர ஊகாரக் குறிகள் 2. மொத்தம் 85. எண்களும் நிறுத்தக்குறிகளும் தனி. இகர ஈகாரச் சுழியைக் குறியாக ஒட்டாமல் ஒவ்வொரு எழுத்துக்கும் பொருத்தமாக வரைய ஆசைப்பட்டால் இன்னும் 34 சேரும். குண்டெழுத்தில் இந்தக் கூடுதல் உழைப்பு நன்றாகவே தெரியும்.

ஒரே தூரிகைப் பேனாவால் நான்கு சென்டிமீட்டர் உயரத்தில் வரையுங்கள். முதலில் க-வையும் ண-வையும் வரைந்து தடிமனை முடிவு செய்யுங்கள். ண-வில் அடங்காத தடிமன் எதற்கும் ஆகாது. 600 டிபிஐ அடர்த்தியில் ஸ்கேன் செய்து, இங்க்ஸ்கேப்பில் ‘ட்ரேஸ் பிட்மேப்’ கொடுத்து, தேவையற்ற கணுக்களை (வளைவைத் தாங்கும் புள்ளிகளை) களையுங்கள். வளைவு ஒன்றுக்கு இருபது கணு இருந்தால் பெரிதாக்கும்போது விளிம்பு பல்பல்லாகத் தெரியும். பிறகு எழுத்துரு செய்யும் மென்பொருளான ஃபான்ட்ஃபோர்ஜ் அல்லது கிளிஃப்ஸில் 1000 அலகுக் கட்டத்தில் ஏற்றுங்கள்.

பலர் தடுக்கி விழும் இடம் அடுத்தது. உகர ஊகார எழுத்துகளுக்கு யூனிகோடு எண் கிடையாது. ‘க, அதன்பின் உகரக் குறி வந்தால் கு-வைக் காட்டு’ என்று ஓப்பன்டைப் விதி எழுத வேண்டும், அதுவும் தமிழுக்கான புதிய, பழைய எழுத்துமுறை அடையாளங்கள் (tml2, taml) இரண்டின் கீழும். எழுதாவிட்டால் க-வும் ஒரு வாலும் தனித்தனியாக நிற்கும். கொம்பை முன்னால் நகர்த்த விதி வேண்டாம், அதை மென்பொருள் பார்த்துக்கொள்ளும். புள்ளியை இதயமாகவும் நட்சத்திரமாகவும் வரைய எல்லாருக்கும் ஒருமுறை ஆசை வரும். ‘பட்டுக்கோட்டை மிட்டாய்’ என்று அடித்து ஐந்து நட்சத்திரத்தையும் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.